மடை தானாகத் திரும்புமா?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அய்யம்பேட்டைப் பக்கம் உள்ள எங்கள் பள்ளியிலிருந்து மாலை ஸ்கூட்டரைக் கிளப்பியபோது எனக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. நேராகக் கும்பகோணம் போய் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்கி வர வேண்டும். பாபநாசத்தில் தினமும் எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் அன்று மட்டும் திரும்பாமல் போக வேண்டும். அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பையில் சாவியைப் போடும்போது கண்ணாடிக் கடை ரசீது விரலில் தட்டுப்பட்டது.

"எங்கே பாப்பா கண்ணாடி?" என்றாள் திண்ணையில் இருந்த அம்மா.

கண்ணாடியை மறுநாள் வாங்கிவிட்டேன். என்னை உறுத்தியது வேறு. வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. அது அன்று திறந்திருந்ததா, மூடியிருந்து நான் காத்து நின்றேனா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான் தண்டவாளத்தைத் தாண்டியதற்கு, வீடு வந்து சேர்ந்திருக்கிறேன் என்பது ஒன்றுதான் சாட்சி.

அடுத்த வாரமே ஒன்பதாம் வகுப்புப் பயிற்சி வாக்கியம் ஒன்றில் ஆட்டோபைலட் என்ற சொல் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். கை யோசிக்காமல் கரும்பலகையில் 'தானியங்கி விமானி' என்று எழுதிவிட்டது. இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அப்படியென்றால் விமானத்தில் விமானி இருக்க மாட்டாரா, டீச்சர்?"

"இருப்பார்."

"அவர் தூங்கலாமா?"

"கூடாது."

"பிறகு அது எப்படி டீச்சர் தானியங்கி?"

மணி அடித்து என்னைக் காப்பாற்றியது. அன்று மாலை முதல்வேலையாக அந்தச் சொல்லை ஒழுங்காகப் படித்தேன்.

ஆட்டோ என்பது 'தான்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல். நம் ஊர் ஆட்டோவை ஓட்ட ஓர் ஆள் வேண்டியிருப்பது தனி வேடிக்கை. பைலட் முதலில் ஆகாயத்துச் சொல்லே அல்ல. துடுப்பைக் குறித்த கிரேக்கச் சொல் ஒன்று இத்தாலிய மொழி வழியாக வந்து, கப்பலில் சுக்கான் பிடிப்பவரின் பெயரானது. நாகப்பட்டினத்தில் மாலுமி என்பார்கள், பழந்தமிழில் மீகாமன். துறைமுகத்துக்குள் கப்பலை வழிகாட்டி அழைத்து வருபவரை இன்றைக்கும் பைலட் என்றுதான் சொல்கிறார்கள். ஆக, சொல்லின் அடியில் ஒரு படகும், திசை தெரிந்த ஒரு மனிதரும் இருக்கிறார்கள்.

கருவியின் கதை இன்னும் சுவையானது. 1914 ஜூன் மாதம் பாரிஸுக்கு அருகே சீன் ஆற்றின் மேல் லாரன்ஸ் ஸ்பெரி என்ற 21 வயது அமெரிக்கர் ஒரு நீர்விமானத்தில் பறந்தார். கரையில் நடுவர்களும் கூட்டமும். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில், கூட வந்த மெக்கானிக் இறக்கை மேல் ஏறி நடந்தார். விமானம் அந்தப் பக்கம் சாய வேண்டும், சாயவில்லை. அதற்கடுத்த சுற்றில் லாரன்ஸே எழுந்து மறுபக்க இறக்கைக்குப் போய்விட்டார். விமானியின் இருக்கை காலி. அவருடைய தந்தை எல்மர் ஸ்பெரி ஜைரோஸ்கோப் கருவிகளில் கைதேர்ந்தவர். அந்தக் கருவியின் அடிப்படை நமக்குச் சின்ன வயதிலேயே தெரியும்: வேகமாகச் சுற்றுகிற வரைக்கும் பம்பரம் சாயாது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், சாயாமல் நிற்கும் அந்தச் சக்கரம் வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும். அதை வைத்துக் கருவி விமானத்தை நிமிர்த்திவிடும்.

ஆனால் அந்த லாரன்ஸும் தரையிறங்குவதற்கு இறக்கையிலிருந்து திரும்பி வந்து உட்கார வேண்டியிருந்தது. இன்றைய கருவி உயரத்தையும் திசையையும் வேகத்தையும் பிடித்துக்கொள்ளும், தந்த வழியில் போகும், வசதியுள்ள ஓடுதளத்தில் இறக்கவும் செய்யும். எங்கே போக வேண்டும் என்று சொல்வதும், சொன்னபடி போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் விமானிகளின் வேலையாகவே இருக்கிறது. 1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவின் புளோரிடாவில் இறங்கவிருந்த பெரிய விமானம் ஒன்றில், முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. உயரத்தைத் தானியங்கியிடம் விட்டுவிட்டு விமானி அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்குச் சிக்கலிலேயே மூழ்கியிருந்தார்கள். யாரும் அறியாமல் தானியங்கியின் உயரப் பிடிமானம் விலகிவிட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தது. யார் காதிலும் ஏறவில்லை. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். சக்கரத்தில் பழுதே இல்லை, பல்புதான் எரிந்துபோயிருந்தது.

மனம் எங்கோ இருக்க உடம்பு தன் பாட்டுக்கு வேலை செய்வதற்கும் ஆங்கிலத்தில் ஆட்டோபைலட் என்கிறார்கள். இதற்குத் தமிழ் தேடியபோதுதான் நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன, எதுவும் ஏன் முழுதாகப் பொருந்தவில்லை என்று பார்த்தேன். 'அனிச்சையாக' என்று பலர் எழுதுகிறார்கள். கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட கை வெடுக்கென்று விலகுவது அனிச்சை. அதற்குப் பழக்கம் தேவையில்லை. 'இயந்திரத்தனமாக' என்றால் ஈடுபாடில்லை என்ற குறை தொனிக்கும். 'கால் போன போக்கில்' நல்ல சொல்தான். ஆனால் அதற்குப் போய்ச் சேரும் இடம் கிடையாது. என் ஸ்கூட்டருக்கு இடம் இருந்தது, அது நேற்றுப் போன இடம். 'பழக்கதோஷம்' மிக அருகில் வருகிறது. அதிலும் ஒரு தோஷம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழக்கம் ஒழுங்காக வேலை செய்யும் நாட்களில் நாம் அதற்குப் பெயரே வைப்பதில்லை.

கடைசியில் வகுப்பில் சொல்லை விட்டுவிட்டு என் தாத்தாவின் மாடுகளைப் பற்றிச் சொன்னேன். நெல் மூட்டைகளைக் கும்பகோணத்தில் இறக்கிவிட்டு நள்ளிரவில் திரும்பும்போது, வண்டிக்கடியில் அரிக்கேன் விளக்கு ஆட, தாத்தா வைக்கோல் மேல் தூங்கிவிடுவார். மாடுகள் தாமாக ஊர் வந்து தொழுவத்துக்கு முன் நிற்கும். கழுத்துமணிச் சத்தம் நின்றதும் தாத்தாவுக்கு விழிப்பு வந்துவிடும். பிறகு ஒரு பணமுடையில் அந்த ஜோடியை விற்றுவிட்டார். இரண்டு மூன்று மாதம் கழித்து ஓர் இரவு எங்கள் வாசலில் அதே கழுத்துமணி. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மாட்டை வாங்கியவர் வண்டியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். பாட்டி அவரை எழுப்பி, நீராகாரம் கொடுத்து அனுப்பினாராம்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இரண்டாம் பெஞ்சுப் பெண் மட்டும், "மாட்டின் மேல் தப்பில்லை, டீச்சர். விற்றுவிட்டதை அதற்கு யாரும் சொல்லவில்லையே" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு அப்பாவின் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வயலில் ஃபில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறு போட்டு மோட்டார் வைத்திருந்தோம். மும்முனைக் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. ராத்திரியெல்லாம் கொட்டகையில் காத்துக் கிடக்க முடியாமல் எல்லோரும் செய்வதைப் போல அப்பாவும் மோட்டாரை 'ஆட்டோ'வில் போட்டுவைத்தார். கரண்டு வந்தால் மோட்டார் தானே ஓடும். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். குறுவைக்கு நாற்று விடும் நேரம். பக்கத்து வயல்காரர் முதல் நாள்தான் சேற்றைச் சமன் செய்து முளைகட்டிய ஆடுதுறை 36 நெல் விதையைத் தெளித்திருந்தார். இரவு கரண்டு வந்து மோட்டார் ஓடியது. எங்கள் வயல் நிரம்பியது. நிரம்பியதும் வாய்க்காலுக்குத் திருப்பிவிட வேண்டிய மடையில் ஆள் இல்லை. வரப்பு ஓர் இடத்தில் உடைத்துக்கொண்டது.

விடியற்காலையில் போய்ப் பார்த்தபோது நாற்றங்காலில் முழங்கால் கீழ்வரை தண்ணீர். வெள்ளை முளை விட்ட விதை அத்தனையும் மிதந்து ஒதுங்கி வடகிழக்கு மூலையில் நுரையோடு குவிந்திருந்தது. அப்பா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். அந்த வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா பதில் விதை வாங்கிக் கொடுத்து, தாமே கூட நின்று தெளித்துவிட்டு வந்தார். அன்று சாப்பிடும்போது யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கரண்டு வந்தால் மோட்டார் ஓடும். மடை தானாகத் திரும்புமா?"

மோட்டாரை ஆட்டோவில் போடுவதை அப்பா விட்டுவிடவில்லை; யாராலும் விட முடியாது. ஆனால் மடை மாற்ற வேண்டிய இரவுகளில் மட்டும் கயிற்றுக்கட்டிலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்.

இத்தனையும் தெரிந்தவள்தான் நான். வகுப்பெடுத்தவளும் நான்தான். ஆனாலும் அந்தக் கார்த்திகையில் செய்த காரியத்தை இப்போது சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை. ஒரு ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அதைக் கொடுத்தேன். இட்லித் தட்டை இறக்கப் போனபோது போன் வந்தது; தேர்வு மேற்பார்வைப் பட்டியல் பற்றிய பேச்சு, பத்து நிமிடம். திரும்பி வந்தால் அலமாரி விளிம்பில் மாத்திரை அட்டையும் பக்கத்தில் தண்ணீர் டம்ளரும். அந்த இரண்டும் சேர்ந்து கண்ணில் பட்டதுதான் தாமதம், என் கட்டைவிரல் அட்டையை அழுத்தியது. என் கை நீண்டது, அம்மாவின் உள்ளங்கை விரிந்தது. எத்தனையோ ஆண்டுப் பழக்கம். இரண்டு பேரும் முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று அவள் சாப்பிட்டதும் ஒன்றரை இட்லிதான்.

பத்து மணிக்கு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவளின் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. என்னைப் பார்த்து என் அத்தையின் பெயரைச் சொன்னாள். வீட்டிலிருந்த கருவியில் குத்திப் பார்த்தேன்: 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன், ஏறத் தொடங்கியிருந்தது. உடனே காரை வரவழைத்துக் கும்பகோணத்துக்கு ஓடினோம். ஏன் இறங்கியது என்பது வண்டியில் போகும்போதுதான் தெரிந்தது. அவசரத்தில் கையோடு எடுத்து வந்த பத்து மாத்திரை அட்டை, திங்கட்கிழமை பிரித்தது. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போனபின் மூன்று மிச்சம் இருக்க வேண்டும். தடவிப் பார்த்தேன். இரண்டு.

அந்த வகை மாத்திரையின் வேலை நீண்ட நேரம் தொடரும், சர்க்கரைத் தண்ணீரில் ஏறியது மறுபடி இறங்கலாம் என்று சொல்லி மறுநாள் காலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே இருந்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. இரண்டே விஷயம் சொன்னார். கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடி கொடுக்காமல், சர்க்கரையைப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இனிமேல் கவனமாக இருப்பேன் என்று உறுதி எடுத்தேன். அது நான்கு நாள் தாங்கியது. மாணவர்களின் முன்னேற்ற அறிக்கையில் 'கவனம் தேவை' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ணி வெட்கப்பட்டேன். கவனம் என்ன கடையிலா விற்கிறது?

அடுத்து நாட்காட்டி. மாத்திரை கொடுத்த பிறகுதான் சுவரில் உள்ள தினசரித் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். கிழித்திருந்தால் கொடுத்தாயிற்று. அருமையான ஏற்பாடு என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவைத்தேன். மார்கழிக் கடைசியில் ஒரு நாள் தாள் கிழிந்திருந்தது, அம்மா மாத்திரை சாப்பிடவில்லை. கிழிப்பதும் கைக்குப் பழகிவிட்டது.

ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று மருந்துக் கடையில் மலிவாகக் கிடைத்தது. இதுவரை வாங்கியதில் உருப்படியான பொருள் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று. நினைவைக் கேட்க வேண்டியதில்லை. அதை நிரப்புவது சனிக்கிழமை இரவு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. போனை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கும் விமானத்திலேயே விடை இருக்கிறது: அமெரிக்காவில் 1981 முதல், 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானிகள் பறப்பதற்குத் தேவையில்லாத பேச்சையும் வேலையையும் தவிர்க்க வேண்டும் என்று விதி உண்டு. நடுவில் யாராவது குறுக்கிட்டால் டப்பாவை முழுதும் கொட்டி முதல் அறையிலிருந்து மறுபடி நிரப்புகிறேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால்தான் வம்பு.

இன்னொரு உபாயம் என் சித்தி மகன் தந்தது. அவன் மயிலாடுதுறைப் பக்கம். ரயிலில் உதவி லோகோ பைலட். பொங்கலுக்கு வந்தவனிடம் நாட்காட்டிக் கதையைச் சொல்லிப் புலம்பியபோது சிரித்தான். "எங்களுக்கும் தினமும் அதே சிக்னல்தான், அக்கா. பச்சை வரும் இடத்தில் பச்சைதான் இருக்கும் என்று கண் முடிவு கட்டிவிடும். அதனால்தான் வாயால் சொல்லச் சொல்கிறார்கள்" என்றான். ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து ஒருவர் கையைக் காட்டி நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவரும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜப்பான் ரயில்வேயில் விரலால் சுட்டிக்காட்டிச் சொல்வதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். எஞ்சினில் வேறொரு கருவியும் இருக்கிறதாம். ஓட்டுபவர் ஒரு நிமிடம் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும். அதற்கும் அசையாவிட்டால் மணி ஒலிக்கும். அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானே விழுந்துவிடும். "என்னை நம்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் கோபம் வந்தது, அக்கா. இப்போது இல்லை."

அன்றிலிருந்து நானும் வாய்விட்டுச் சொல்கிறேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிதானித்து, "இடது காலி, வலது காலி" என்று சொல்லிவிட்டுத்தான் தாண்டுகிறேன். கேட் திறந்திருந்தாலும் சொல்வேன். டீச்சருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சு இருக்கலாம். வழக்கமில்லாத இடத்துக்குப் போகும் நாட்களில் வலது கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுகிறேன். ஆக்சிலேட்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் நெருடும். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும். எப்போதும் கிடந்தால் இரண்டே வாரத்தில் அது கைப்பிடியின் ஒரு பகுதியாகிவிடும், சோதித்துப் பார்த்தாயிற்று.

எல்லாவற்றையும் விழிப்போடு செய்ய வேண்டும் என்று ஒரு வாரம் முயன்றேன். தோசை வார்க்கும்போது மணிக்கட்டைக் கவனித்தேன். மாவு திட்டுத் திட்டாக நின்றது. அம்மா இந்த வயதிலும் வாசலில் குனிந்து, வானொலிச் செய்தியைக் கேட்டபடியே சிக்குக் கோலம் போடுகிறாள். ஒரு நாள், இழை எங்கே வளைகிறது என்று கொஞ்சம் நிறுத்திச் சொல் என்றேன். நிறுத்தினாள். பிறகு அவளுக்கே எங்கே போவது என்று தெரியவில்லை. அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். கோலமும் தோசையும் நேரான வழியும் பழக்கத்தின் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்றிலிருந்து இன்று பிரியும் இடம், திருப்பி எடுக்க முடியாத காரியம், பாதியில் போன் வந்த வேலை, இந்த மூன்று மடைகளில் மட்டும் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொள்கிறேன்.

மாத்திரைக்கும் ரயில்காரர்கள் முறைதான். கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, காலை மாத்திரை" என்பேன். அவள் வாங்கிப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "விழுங்கிவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் டப்பாவை மூடுவேன். நான்கைந்து மாதம் இது பிசகில்லாமல் நடந்தது.

சென்ற வாரம் ஒரு காலை. பால் பொங்கும் அவசரத்தில் டப்பாவைத் திறந்து, "அம்மா, காலை மாத்திரை" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "விழுங்கிவிட்டேன்" என்றாள். நானும் மூடியை அழுத்தி மூடினேன். அடுப்பை அணைக்கக் கையை நீட்டியபோதுதான் பார்த்தேன். மாத்திரை என் உள்ளங்கையிலேயே இருந்தது.